ஆள் குறைந்தால் கூலி ஏறும்: ஒரு பழைய கணக்கும் அதன் மறுபக்கமும்

போன வாரம் ஓபியில் நடந்தது இது.

இரண்டரை வயதுக் குழந்தை. எடை ஒன்பது கிலோ கூட இல்லை. மூன்றாவது பிள்ளை. அப்பா சென்ட்ரிங் வேலை பார்ப்பவர், சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். கூலி இல்லை. ரேஷன் கார்டு மாமனார் ஊரில்.

நான் அந்த அம்மாவிடம் சத்துமாவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த முறைக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் குறுக்கே, "இத்தனை பெத்துப் போட்டா எப்படிங்க டாக்டர் சோறு போட முடியும்? இந்த நாட்டுக்கே ஜனத்தொகைதான் வியாதி" என்றார்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு நிற்கிறார்கள். என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பெரியவர் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னதில் ஒரு பாதி, ஒரு காலத்தில், நிஜமாகவே உண்மை. அதற்கு நல்ல டேட்டா இருக்கும் இடம் இங்கிலாந்து. கோயில் கணக்கு, பண்ணைக் கணக்கு, கூலிக் கணக்கு என்று 700 வருடத்துக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

1300ஆம் ஆண்டு வாக்கில் போவோம்.

இங்கிலாந்தின் ஜனத்தொகை அப்போது சுமார் 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அன்றைய விவசாயத்துக்கு அது தலைக்கு மேல் வெள்ளம். ஒரு மூட்டை கோதுமை விதைத்தால் அறுவடையில் கிடைப்பது சுமார் நாலு மூட்டை. அதில் ஒன்றை அடுத்த வருட விதைக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். மிச்சம் மூன்று. அதில்தான் பண்ணையாருக்கு, சர்ச்சுக்கு, வீட்டுக்கு எல்லாம்.

வாய்கள் கூடக் கூட என்ன செய்தார்கள்? மேய்ச்சல் நிலத்தை உழுதார்கள். மேய்ச்சல் குறைந்ததும் மாடு குறைந்தது. மாடு குறைந்ததும் எரு குறைந்தது. எரு குறைந்ததும் பழைய நிலமும் விளைச்சலைக் குறைத்தது. அப்பாவின் நிலம் பிள்ளைகளுக்குள் துண்டு துண்டாகப் பிரிந்தது. துண்டு நிலம் போதாமல் கூலிக்குப் போனால், அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் நிற்கிறார்கள். கூலி எப்படி ஏறும்?

ஒரு டாக்டராக என்னை உலுக்கிய டேட்டா ஒன்று உண்டு. வின்செஸ்டர் பிஷப்புக்குச் சொந்தமான பண்ணைகளில் ஒரு வழக்கம். குத்தகைக்காரர் செத்துப்போனால் அவர் வீட்டின் நல்ல மாட்டைப் பண்ணை எடுத்துக்கொள்ளும். மாடு இல்லாத ஏழையிடம் காசு வாங்கும். (செத்த வீட்டிலும் வரி!) இது ஒவ்வொன்றும் கணக்கில் எழுதப்பட்டது. 1959ல் போஸ்டன், டிடோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பதிவுகளைத் தானிய விலையோடு வைத்துப் பார்த்தார்கள். விலை ஏறிய வருடங்களில் சாவும் ஏறுகிறது. அதுவும் மாடு இல்லாமல் காசு கட்டிய ஏழைகளின் சாவு.

இன்று ஒரு ஐசியூவில் மானிட்டர் காட்டுவது போல, தானிய விலை ஆடினால் மரணக்கோடும் கூடவே ஆடுகிறது. ஜனங்கள் அவ்வளவு விளிம்பில் இருந்திருக்கிறார்கள்.

1315ல் மழை நிற்கவே இல்லை. பயிர் அழுகியது. அடுத்த வருடமும் அதே கதை. பத்தில் ஒருவராவது செத்திருப்பார் என்பது மதிப்பீடு.

பிறகு 1348. கொள்ளைநோய். பிளேக்.

எர்சீனியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியா. கப்பல் வழியாக இங்கிலாந்தின் தென்கரையில் இறங்கியது. இரண்டு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி ஜனம் வரை காலி. அதோடு விடவும் இல்லை, 1361ல் மறுபடி வந்தது, அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. நூறு வருடம் கழித்து 1450 வாக்கில் ஜனத்தொகை வெறும் 20 லட்சம் அளவில் நிற்கிறது.

உயிரோடு இருந்தவர்களுக்கு என்ன ஆனது? இங்கேதான் பெரியவரின் கட்சி வலுக்கிறது.

நிலம் அதே நிலம். ஏர், மாடு, வீடு, எல்லாம் அப்படியே இருக்கிறது. உழ ஆள் இல்லை. தெற்கு இங்கிலாந்தில் 1340களில் ஒரு கொத்தனாருக்கு நாள் கூலி 3 பென்ஸ். 1400களின் தொடக்கத்தில் அது 6 பென்ஸ். சித்தாளுக்கு ஒன்றரை பென்ஸாக இருந்தது 4 பென்ஸ் ஆனது. 1370களுக்குப் பிறகு தானிய விலையும் இறங்கிவிட்டது. மோசமான நிலத்தைக் கைவிட்டு நல்ல நிலத்தில் மட்டும் பயிர் வைத்தார்கள். மீதி மறுபடியும் மேய்ச்சல் காடானது. ஆடு மாடு பெருகியது.

தட்டிலேயே இதைப் பார்க்கலாம். நார்ஃபோக் பகுதியில் செட்ஜ்ஃபோர்டு என்ற ஊரில் அறுவடைக்கு வந்தவர்களுக்குப் பண்ணையார் போட்ட சாப்பாட்டுக் கணக்கு தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. கிறிஸ்டோபர் டயர் என்ற வரலாற்றாசிரியர் அதை ஆராய்ந்தார். 1256ல் ரொட்டிதான் பிரதானம், கறி பெயருக்கு. 1424ல் சாப்பாட்டுச் செலவில் கால் பங்குக்கு மேல் கறி. மிச்சத்தில் பெரும் பங்கு பியர். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், கஞ்சி ஊற்றி வேலை வாங்கியவர்கள் கறிச்சோறு போட்டால்தான் ஆள் வரும் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

எலும்புகளும் இதையே சொல்கின்றன. ஷாரன் டிவிட் என்ற மானுடவியலாளர் லண்டன் இடுகாடுகளில் தோண்டி எடுத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார். பிளேக்குக்குப் பிந்தைய தலைமுறைகளில் முதுமை வரை வாழ்ந்தவர்களின் பங்கு கூடியிருக்கிறது. காரணம் சாப்பாடு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிளேக் எல்லோரையும் ஒரே மாதிரி கொல்லவில்லை. ஏற்கெனவே நலிந்த உடம்புகளைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டது என்பதும் அவர் கண்டுபிடிப்புதான். ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு என்ற பிளேக் இடுகாட்டு எலும்புகளில் அதற்கான தடயம் இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போது கடும் பசியோ காய்ச்சலோ வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் பல்லின் எனாமலில் ஒரு கோடு விழுந்துவிடும். அது சாகும்வரை அழியாது. செத்தும் அழியாது. பசித்த குழந்தைப் பருவம் 700 வருடம் கழித்தும் பல்லில் தெரிகிறது.

சரி, மறுபாதிக்கு வருவோம். 1500க்குப் பிறகு ஜனத்தொகை மறுபடி ஏறுகிறது. 1540களில் 28 லட்சம் அளவு, 1600ல் 40 லட்சத்துக்கு மேல், 1650ல் 50 லட்சத்தைத் தாண்டியது. இந்த நூறு வருடத்தில் கொத்தனார் கூலி என்ன ஆனது? 6 பென்ஸிலிருந்து 12 பென்ஸ் ஆனது. அட, இரண்டு மடங்கு ஆச்சே என்று சந்தோஷப்படாதீர்கள். விலைவாசி நாலு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது.

ஹென்றி ஃபெல்ப்ஸ் பிரவுன், ஷீலா ஹாப்கின்ஸ் என்ற இருவர் 1950களில் ஏழு நூற்றாண்டுக் கட்டுமானக் கூலியைத் தொகுத்து ஒரு கிராஃப் போட்டார்கள். 15ஆம் நூற்றாண்டின் உச்சியிலிருந்து 1600 வாக்கில் கூலியின் வாங்கும் சக்தி பாதிக்கும் கீழே விழுந்துவிடுகிறது. அந்தப் பழைய உச்சியை உறுதியாகத் தாண்ட 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க வெள்ளி வந்ததும், ராஜா நாணயத்தில் கலப்படம் செய்ததும் விலையேற்றத்துக்குக் காரணம்தான். ஆனால் மற்ற சரக்கை விட தானியமும் நில வாடகையும் அதிகம் ஏறியதற்கு வாய்களின் எண்ணிக்கைதான் முக்கியக் காரணம்.

ஆக, இயந்திரம் வராத காலத்தில், நிலம்தான் எல்லாம் என்றிருந்த நாட்டில், ஆள் கூடினால் கூலி இறங்கும், ஆள் குறைந்தால் கூலி ஏறும். பெரியவருக்கு ஒரு பாயின்ட்.

இப்போது அதே கதையை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள்.

பிளேக் ஓய்வதற்கு முன்பே, 1349லேயே, இங்கிலாந்து அரசர் ஒரு ஆணை போட்டார். 1351ல் பாராளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. என்ன சட்டம்? பிளேக்குக்கு முன்பு வாங்கிய அதே கூலிக்குத்தான் வேலை செய்ய வேண்டும். கூடுதலாகக் கேட்டால் தண்டனை. வேலை இல்லாமல் இருந்தாலும் தண்டனை. 1363ல் எந்தத் தகுதிக்காரர் என்ன துணி உடுத்தலாம் என்றே ஒரு சட்டம் வந்தது. கூலிக்காரர்கள் நல்ல துணி கட்டுவது கண்ணை உறுத்தியிருக்கிறது, வேறென்ன.

கணக்கு தன்னால் வேலை செய்யும் என்றால் இத்தனை சட்டம் எதற்கு? கணக்கின் பலனை ஏழைக்குப் போகவிடாமல் தடுக்கத்தான். இங்கிலாந்தில் அந்தத் தடுப்பு முழுதாக நிற்கவில்லை. ஆள் கிடைக்காத பண்ணையார்களே கள்ளத்தனமாகக் கூடுதல் கூலி கொடுத்தார்கள். 1381ல் விவசாயிகள் கிளர்ந்து லண்டனுக்குள்ளேயே புகுந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டாலும் பண்ணையடிமை முறை மெல்ல மெல்லக் கரைந்தது.

ஆனால் எல்லோருக்கும் அந்தப் பலன் கிடைத்ததா? பெண்களின் கூலியை ஜேன் ஹம்ஃப்ரீஸ், ஜேக்கப் வைஸ்டார்ஃப் இருவரும் தனியாகத் தொகுத்தார்கள். வருட ஒப்பந்தத்தில் வேலை பார்த்த பெண்களுக்கு இந்தப் பொற்காலத்தில் கிடைத்தது மிகக் குறைவு. கல்யாணமாகாத பெண்ணை வருட வேலைக்குக் கட்டாயப்படுத்த அதிகாரிகளுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. ஆள் பற்றாக்குறை என்னவோ எல்லோருக்கும் பொதுதான்.

இன்னும் கிழக்கே போனால், எல்பே நதிக்கு அந்தப் பக்கம், பிரஷ்யா, போலந்து. அங்கும் ஆள் குறைவு. அங்கே பண்ணையார்கள் கை ஓங்கியது. விவசாயி நிலத்தை விட்டு நகரக்கூடாது என்று 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கட்டிப்போட்டுவிட்டார்கள். ஆள் குறைந்த அதே நிலைமை, ஒரு இடத்தில் கூலி உயர்வு, இன்னொரு இடத்தில் அடிமைத்தனம். ராபர்ட் பிரென்னர் என்ற வரலாற்றாசிரியர் 1976ல் இதைக் கிளப்பியதும் பெரிய சண்டையே நடந்தது. என் பார்வையில் பிரென்னர் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று. அந்தக் கால ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு பெற்றுத் தள்ளினார்கள் என்பதும் தவறு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் முதல் கல்யாண வயது சராசரியாக 26. கல்யாணமே செய்யாமல் இருந்தவர்களும் கணிசம். காலம் கெட்டால் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். ரிக்லி, ஸ்கோஃபீல்டு இருவரும் சர்ச் பதிவேடுகளை வைத்து 1981ல் இதைக் காட்டினார்கள். மாத்திரை, காப்பர் டி எதுவும் இல்லாத காலம்.

அடுத்து மால்தஸ். 1798ல் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜனத்தொகை பெருக்கலில் ஏறும், உணவு கூட்டலில்தான் ஏறும், இடைவெளியைப் பசியும் நோயும் நிரப்பும் என்றார். பின்னால் திரும்பிப் பார்த்தால் முந்தைய 500 வருடத்துக்கு அது பொருந்தியது. வேடிக்கை என்னவென்றால் அவர் எழுதிக்கொண்டிருந்தபோதே அந்த விதி அவர் நாட்டில் உடையத் தொடங்கியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜனத்தொகை வேகமாக ஏறியும், பழைய மாதிரி கூலி சரிந்து விழவில்லை. நிலக்கரி, புதிய பயிர்ச் சுழற்சி, கடல் வணிகம் எல்லாம் சேர்ந்து கணக்கை மாற்றிவிட்டன.

மால்தஸ் தப்பாகக் கணித்ததில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கணிப்புகள் தப்பும், எங்கள் தொழிலில் தினமும் தப்புகிறது. எனக்குக் கோபம் வருவது அவர் பாடம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில்.

1805 முதல் சாகும்வரை அவர் எங்கே பேராசிரியர் தெரியுமா? ஹெய்லிபரியில், கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய கல்லூரியில். இந்தியாவை ஆள வரும் அதிகாரிகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

அங்கே படித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டிரெவெல்யன். 1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கைக் கருகல் நோய் தாக்கியபோது லண்டன் கருவூலத்தில் நிவாரணத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். அயர்லாந்தில் அப்போது 80 லட்சத்துக்கு மேல் ஜனம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்கு நாட்டை விட்டு ஓடினார்கள். அந்த வருடங்களிலும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. டிரெவெல்யன் 1859ல் நம் சென்னை மாகாணத்துக்கே கவர்னராக வந்தார்.

அவர் போய்ப் பதினாறு வருடம் கழித்து 1876. தாது வருஷம். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்திருந்தால் தாது வருஷத்துப் பஞ்சம் என்ற சொல் காதில் விழுந்திருக்கும். மழை பொய்த்தது. ஜனங்கள் லட்சக்கணக்கில் நிவாரண வேலைக்கு வந்தார்கள். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான்.

வைஸ்ராய் லிட்டன், செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிளை 1877 ஜனவரியில் இங்கே அனுப்பினார். இந்த டெம்பிள்தான் 1874 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி ஜனங்களைக் காப்பாற்றியவர். அதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, ஊதாரி என்ற பெயர். அந்தப் பெயரைக் கழுவ வந்தவர் மாதிரிதான் இங்கே நடந்துகொண்டார். நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் சில்லறை என்று கூலியைக் குறைத்தார்.

ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். கலோரி போடுங்கள். 1500 சொச்சம். மண் வெட்டும் ஆணுக்கு அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். ஒவ்வொரு நாளும் உடம்பு தன் தசையைத் தின்றுதான் மண்வெட்டியைத் தூக்கும். இது ஒரு டயட் சார்ட் என்றால் இதை எழுதியவரின் லைசென்ஸைப் பிடுங்க வேண்டும்.

அன்று அதைச் சொன்னதும் ஒரு டாக்டர்தான். வில்லியம் ராபர்ட் கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871ல் இங்கே எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அறிக்கை எழுதியவரும் அவரே. மூன்று கோடிக்கு மேல் தலைகளை எண்ணி அறிக்கை தந்த மனிதர், இது போதாது, குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும் அதற்கு மேல் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். லிட்டன் டெம்பிள் பக்கம் நின்றார். இந்தியாவில் ஜனம் பெருகும் வேகத்துக்கு மண் விளையாது என்ற மால்தஸ் வாதம் வைஸ்ராய் மட்டத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. கப்பல்களில் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை.

1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி இறங்கிவந்தது. 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு. சுமார் 2100 கலோரி. அந்த 43 கிராம் பருப்பு ஒரு டாக்டர் சண்டை போட்டு வாங்கியது. ஆனால் அதற்குள் முகாம்களில் காலராவும் பேதியும் புகுந்துவிட்டன.

பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் இந்தப் பஞ்சத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. சேலம் ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பில் 20 லட்சத்தை நெருங்கிய ஜனம், 1881ல் சுமார் 16 லட்சம்.

இப்போது பெரியவரின் கணக்கைச் சேலத்துக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கிலாந்து மாதிரி மிச்சமிருந்தவர்கள் செழித்திருக்க வேண்டுமே?

பிளேக் மனிதர்களைக் கொன்றது, ஏரையும் மாட்டையும் தானியக் குதிரையும் விட்டுவிட்டுப் போனது. பிழைத்தவனுக்கு அவை கிடைத்தன. பஞ்சம் அப்படி இல்லை. முதலில் மாடு போகும். பிறகு பாத்திரம், தாலி, ஏர். பிறகு நிலம் அடமானத்துக்குப் போகும். கடைசியில்தான் ஆள். மழை திரும்பி வந்தபோது உழ மாடு இல்லாமல், விதைக்கு மறுபடி கடன் வாங்கித்தான் பிழைத்தவன் வயலில் இறங்கினான்.

அந்தக் குழந்தையை வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். கார்டை இங்கேயே மாற்ற எழுதிக்கொடுத்த மனுவை எங்கள் சோஷியல் ஒர்க்கர் கொண்டுபோயிருக்கிறார். பெரியவருக்கும் அன்றுதான் சுகர் ரிவ்யூ. அன்று கூட்டம் குறைவாக இருந்தால் அவரை உட்காரவைத்து, இந்தச் சேலம் கணக்கை மட்டுமாவது சொல்லலாம் என்றிருக்கிறேன்.